கணினி கேள்வி–பதில்: மின்தடைக்குப் பின் எழாத மென்பொருள்

கேள்வி: எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில், விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையின் எடையைப் பதியும் மென்பொருளும் அதற்கான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் ஒரே லினக்ஸ் சர்வரில் இயங்குகின்றன. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்சாரம் அடிக்கடி போவதால், யு.பி.எஸ். தீர்வதற்குள் இரண்டையும் ‘கில் -9’ கொடுத்து நிறுத்தும் ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்திருக்கிறோம். மின்சாரம் வந்து சர்வரைப் போட்டதும், தொடங்கும் ஸ்கிரிப்ட் ஓடியும் சில நாட்களில் மென்பொருள் எழுவதில்லை. ஸ்கிரிப்டில் என்ன பிழை?
– வாசகர், கோத்தகிரி

பதில்: தொடங்கும் ஸ்கிரிப்டை விட, நிறுத்தும் ஸ்கிரிப்டையே நான் சந்தேகிக்கிறேன். ‘கில் -9’ அனுப்பும் 9ஆம் எண் சிக்னலை, அதாவது ‘உடனே முடி’ என்ற ஆணையை, எந்த நிரலாலும் தடுக்க முடியாது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே நிரலை முடித்துவிடுவதால், கையிலிருக்கும் வேலையை ஒழுங்குசெய்ய அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. உறுதிசெய்யப்பட்ட எடைப் பதிவுகளை போஸ்ட்கிரெஸ் தன் பதிவேட்டிலிருந்து மீட்டுக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மீட்பு முடியும்வரை எந்த இணைப்பையும் அது ஏற்காது. அந்த நேரத்தில் உங்கள் மென்பொருள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறது என்றே தோன்றுகிறது.

எனவே முதலில் மென்பொருளை, எண் எதுவும் தராத ‘கில்’ கட்டளையால், அதாவது 15ஆம் எண் சிக்னலால் நிறுத்துங்கள். அது முழுவதும் ஓய்ந்த பிறகு, தரவுத்தளத்தை, போஸ்ட்கிரெஸுடன் வரும் ‘பிஜி_சிடிஎல்’ கருவியின், இணைப்புகளைத் துண்டித்துவிட்டு ஒழுங்காக மூடும் ‘ஃபாஸ்ட்’ முறையில் நிறுத்துங்கள். தரவுத்தளத்துக்கும் வெறும் 15ஐ அனுப்பினால், இணைந்திருப்பவர்கள் எல்லோரும் விலகும்வரை அது காத்துக்கொண்டேயிருக்கும். அதற்குள் பேட்டரி தீர்ந்துவிடலாம்.

இந்த வரிசையை ஸ்கிரிப்டில் கட்டிக்காப்பதை விட, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியிடம் ஒப்படைப்பது நல்லது. மென்பொருளின் சேவைக் கோப்பில் தரவுத்தளத்தை ‘ஆஃப்டர்’, ‘ரெக்வயர்ஸ்’ என்ற இரு வரிகளிலும் குறிப்பிட்டால், தொடங்கும்போது தரவுத்தளம் முந்தும், நிறுத்தும்போது வரிசை தானே தலைகீழாகும். ‘ரீஸ்டார்ட்’ வரியில் ‘ஆன்-ஃபெய்லியர்’ என்றும், ‘ரீஸ்டார்ட்செக்’ வரியில் 5 என்றும் எழுதுங்கள். மென்பொருள் பிழையால் நின்றால், 5 நொடி விட்டு அது மீண்டும் தொடங்கப்படும். இந்த இடைவெளியைத் தராவிட்டால் மறுமுயற்சிகள் நொடிக்குள் அடுத்தடுத்து நடந்து, 10 நொடிகளில் 5 முறை என்ற இயல்பான வரம்பைத் தொட்டதும் சிஸ்டம்டி கைவிட்டுவிடும்.

நிறுத்தும்போது சிஸ்டம்டி பொதுவாக 90 நொடிகள் பொறுத்திருந்து, அதன் பின்னரே 9ஐ அனுப்பும். உங்கள் யு.பி.எஸ். அதற்கும் கூடுதலாகத் தாங்குமா என்பதை, இலை எடைபோடாத நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள்.