ஊட்டியில் கால்பந்து எடுக்க கேனான் 1500டி-க்கு எந்த லென்ஸ், என்ன செட்டிங்ஸ்?

மகள் எச்ஏடிபி மைதானத்தில் ஆடும்போது 55-250 லென்ஸில் எடுத்த படங்கள் எல்லாம் கலங்கி வருகின்றன, 150-600 வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது முழு ஜூமில் எஃப் 6.3; இந்த எஃப் எண் கூடக்கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். கையில் இருக்கும் லென்ஸைவிடக் குறைந்த வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். இந்த ஊரில் காலை வாருவதே வெளிச்சம்தான்.

ஓடுகிற பிள்ளைகள் கலங்காமல் வர ஷட்டர் ஸ்பீட் 1/1000 நொடியாவது வேண்டும். லென்ஸில் உள்ள ஐஎஸ் (இமேஜ் ஸ்டெபிலைசர்) உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், பந்தின் பின்னால் ஓடும் பெண்ணை அது நிறுத்தாது. எஃப் 5.6-இல் 1/1000 வைத்தால், நல்ல வெயிலுக்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற அளவு) 100 போதும். வானம் நன்றாக மூடிக்கொண்டால் 800. சாயங்காலம் மிஸ்ட் இறங்கி இருட்டிக்கொண்டு வந்தால் 6400 கேட்கும். 1500டி இயல்பாகத் தரும் உச்சமே அவ்வளவுதான். மலையில் ஒரே ஆட்டத்துக்குள் இந்த மூன்றும் வந்து போகும் என்பதால் ஐஎஸ்ஓவை நீங்கள் திருகிக்கொண்டிருக்க முடியாது. டிவி (Tv) மோடில், அதாவது ஷட்டர் ஸ்பீடை மட்டும் நாம் முடிவு செய்யும் மோடில், 1/1000 வைத்து, ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டு, உச்சத்தை 6400 ஆக்கிவிடுங்கள். கிரெயின் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது) வரும், வரட்டும். கிரெயின் உள்ள படத்தை ஓரளவு சரிசெய்யலாம், கலங்கிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

மிஸ்ட் சூழ்ந்தால் கேமரா அந்த வெண்மையைப் பார்த்து ஏமாந்து படத்தை இருட்டாக எடுக்கும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டி வையுங்கள். வெயில் வந்ததும் மறக்காமல் பழையபடி மாற்ற வேண்டும்.

ஃபோகஸுக்கு ஏஐ சர்வோ (நகரும் ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் மோட்), நடுப்புள்ளி மட்டும். இந்த கேமராவில் உள்ள 9 புள்ளிகளில் நடுவில் இருப்பது மட்டுமே கிராஸ் டைப், அதாவது குறுக்குக் கோடு, நெடுக்குக் கோடு இரண்டையும் பிடிப்பது. மிஸ்டில் வெள்ளை ஜெர்சி மேல் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். ஜெர்சி நம்பர், ஷார்ட்ஸின் ஓரம் என்று நிறம் வெட்டித் தெரியும் இடத்தில் வையுங்கள். லைவ் வியூ (பின்திரையைப் பார்த்து எடுப்பது) வேண்டாம், வியூஃபைண்டரில் கண்ணை வைத்தே எடுங்கள். தொடர்ந்து அமுக்கினாலும் நொடிக்கு 3 படம்தான் வரும்; உதை அந்த இடைவெளியில் முடிந்துவிடும். கால் பின்னால் போகும்போதே ஷட்டரை அழுத்தப் பழக வேண்டும்.

இனி லென்ஸ். என் ஓட்டு கேனான் 85 எம்எம் எஃப் 1.8-க்கு. 1500டி-யில் அது 136 எம்எம் போலத் தெரியும். எஃப் 2-இல் எடுத்தால், முன்பு 6400 கேட்ட அதே வெளிச்சத்துக்கு 800 போதும். மறுகோடி எட்டாதுதான். ஆனால் மிஸ்டில் தூரத்து ஆட்டத்தை ஜூம் செய்தால் நடுவில் நிற்கும் மிஸ்டும் சேர்ந்தே பெரிதாகும், பால் ஊற்றியதுபோல்தான் படம் வரும். எவ்வளவு நீள லென்ஸ் போட்டாலும் இதற்கு மருந்து கிடையாது, கிட்டே போக வேண்டும். கார்னர் கொடிக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, ஆட்டம் உங்கள் பக்கம் வரும்போது மட்டும் எடுங்கள். வெயில் நாளில் 55-250 தாராளமாகப் போதும், அதை விற்காதீர்கள்.

பணம் இருந்தால் 70-200 எஃப் 2.8. ஐஎஸ் இல்லாத பழைய மாடலே போதும், 1/1000-இல் ஐஎஸ்ஸுக்கு வேலை இல்லை. ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கனம் என்பதால் மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) சேர்த்து வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் செல்போன் டார்ச்சை லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் அது ஃபங்கஸ். நீலகிரி ஈரத்தில் அது சீக்கிரம் பிடிக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இரண்டு மழைக்காலம் பீரோவிலேயே கிடந்த லென்ஸ் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் டார்ச் அடிக்காமல் கைநீட்டாதீர்கள்.