திருகோணமலைக் கடற்கரையோரக் காருக்கு எந்தப் பிறேக் டிஸ்க்?

உப்புவெளியில் முற்றத்தில் நிற்கும் காரின் முன் டிஸ்க்குகள் துருவேறித் தேய்ந்துவிட்டன, துளையிட்டவை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அன்றாட ஓட்டத்துக்குத் துளைகளால் பெரிய பயனில்லை, கடும் சூட்டில் அவற்றின் ஓரத்திலிருந்தே வெடிப்புத் தொடங்கவும் கூடும்.

டிஸ்க் பெரும்பாலும் வார்ப்பிரும்பாலானது. ஆகவே உப்புக்காற்றில் ஓரிரவிலேயே துரு படர்வது இயல்பு, சில தடவை பிறேக் பிடித்தால் அது உரசிப் போய்விடும். ஆனால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிறேக் பாட் தொடாத விளிம்பிலும் நடுப்பகுதியிலும் காற்றோட்ட இடுக்குகளிலும் ஏறும் துரு அப்படிப் போகாது என்பதால், அவ்விடங்களில் துத்தநாக-அலுமினியப் பூச்சுள்ள சாதாரண டிஸ்க்கையே நான் தெரிவு செய்வேன். விட்டமும் தடிப்பும் வாகனத்துக்குரிய அளவாகவே இருக்க வேண்டும். ஒரே மொடலில் இரண்டு அளவுகள் வருவதுண்டு, எனவே கடையில் செசி இலக்கத்தைக் கொடுத்துக் கேளுங்கள்.

டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்போடு மைக்ரோமீற்றரால் ஒப்பிட்டுப் பார்க்காமல், பழைய டிஸ்க்கைக் கடைந்து சமப்படுத்தித் தருகிறேன் என்று சொல்லும் கராஜை நம்பாதீர்கள். இரு முன் சக்கரங்களுக்கும் சேர்த்தே, புதிய பாட்களோடு மாற்றுங்கள். டிஸ்க் பொருந்தும் சக்கர நடுப்பாகமான ஹப்பின் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டாமல் பொருத்தினால், புது டிஸ்க்கும் சற்றே சாய்ந்து சுழன்று, நாளடைவில் பிறேக் மிதியில் அதிர்வு தரும்.