எறும்பும் மரபணுவும் ஒரே இதழில்: கேள்வி பதில்

உயிரியல், பரிணாமம், தகவலைக் கையாளும் முறை மூன்றையும் சேர்த்துப் பேசும் ‘பயோசிஸ்டம்ஸ்’ ஆய்விதழைப் பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. 1967-ல் வேறு பெயரில் தொடங்கிய இதழ் இது.

உயிரியல் இதழில் கம்ப்யூட்டர்காரர்களுக்கு என்ன வேலை சார்? (மாணவி, நாகமலை புதுக்கோட்டை)

டிஎன்ஏவில் ஏ, டி, ஜி, சி என்று நான்கு எழுத்துகள்தான். ஓர் எழுத்துக்கு 2 பிட், 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். மனித மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். கணக்குப் போட்டால் 75 கோடி பைட், ஒரு சினிமா கோப்பின் அளவுகூட வராது. ஆனால் சேமிப்பு பெரிய விஷயமில்லை. தோல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் இருப்பது ஏறத்தாழ அதே டிஎன்ஏ. எந்தப் பகுதியை எப்போது படிப்பது என்று செல் எப்படி முடிவு செய்கிறது? அங்கேதான் இரண்டு துறைக்காரர்களும் ஒன்றாக உட்கார வேண்டியிருக்கிறது.

எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கு இதில் ஏதாவது உண்டா? (மருந்து மொத்த வியாபாரி, மதுரை)

உங்களுக்குத்தான் நிறைய உண்டு அண்ணாச்சி. உங்கள் வண்டி மதுரையில் கிளம்பி திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர் என்று பத்து ஊருக்குச் சரக்குப் போட்டுத் திரும்புகிறது என்று வையுங்கள். எந்த வரிசையில் போவது? அதே சுற்றைத் தலைகீழாகப் போவதைத் தனியாக எண்ணாவிட்டாலும் 18,14,400 வழிகள். பதினைந்து ஊர் என்றால் 65,000 கோடிக்கும் மேல். திருமங்கலத்தை முடித்துவிட்டு நேரே மேலூருக்கு விட்டால் ஊரைக் குறுக்கே கடந்து டீசலைக் கொட்ட வேண்டியதுதான்.

இந்தக் கணக்குக்கு எறும்பிடம் யோசனை கேட்ட கட்டுரை 1997-ல் இதே இதழில் வந்தது. எழுதியவர்கள் டோரிகோ, காம்பர்டெல்லா. எறும்பு போகிற வழியில் வாசனைத் தடம் விடும். குறுக்கு வழியில் போனது சீக்கிரம் திரும்புவதால் அந்தத் தடம் வேகமாக அடர்த்தியாகும், மற்றவையும் அதைப் பிடித்துக்கொள்ளும். கணினியில் பொய் எறும்புகளை விட்டு இதையே செய்தார்கள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, தடம் ஆவியாகிப் போவது. அது இல்லாவிட்டால் முதலில் அகப்பட்ட சுமாரான வழியிலேயே எல்லா எறும்பும் மாட்டிக்கொள்ளும். ஆகச் சிறந்த வழி கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. நல்ல வழி கிடைக்கும், அதுவும் சீக்கிரமாக.

பரிணாமம் எங்கே வருகிறது? (ஆசிரியர், மேலூர்)

மரபுக் குறியீடு எப்படித் தோன்றியது என்பது இந்த இதழில் அடிக்கடி வரும் விவாதம். டிஎன்ஏவின் மும்மூன்று எழுத்தாக 64 சொற்கள், அவை குறிக்கும் அமினோ அமிலமோ (புரதத்தைக் கட்டும் துண்டு) 20 தான். ஜிஏஏ, ஜிஏஜி இரண்டுமே குளூட்டாமிக் அமிலத்தைத்தான் குறிக்கும். இங்கே கடைசி எழுத்து ஏவிலிருந்து ஜி ஆக மாறினாலும் பாதகமில்லை. நடு எழுத்து மாறி ஜிஏஜி ஜிடிஜி ஆனால் வேலின் என்ற வேறு அமினோ அமிலம் வந்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இது நடப்பதுதான் அரிவாள் செல் சோகைக்குக் காரணம். பிழையைத் தாங்கும் இந்த அமைப்பு இயற்கைத் தேர்வில் வந்ததா, தற்செயலா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

அப்போ செல் ஒரு கம்ப்யூட்டர்தானே அண்ணே? (பிளஸ் டூ மாணவன், திருமங்கலம்)

அவசரப்படாதே தம்பி. கம்ப்யூட்டர் தன் பாகங்களைத் தானே செய்துகொள்ளாது. செல் செய்யும். இதைத்தான் வரேலா, மட்டுரானா, உரிபே மூவரும் 1974-ல் இதே இதழில் உயிரின் இலக்கணமாக வைத்தார்கள்.

எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்? காசு கேட்கிறார்களே? (பலர்)

எறும்புக் கட்டுரை ஒன்பதே பக்கம், அதிலிருந்து தொடங்குங்கள். காசு கொடுக்க முடியாவிட்டால் எந்தக் கட்டுரைக்கும் அதை எழுதியவருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பலர் பிரதி அனுப்பிவிடுவார்கள்.