மந்திரவாதிக்கு அங்கி வெட்டுவது ஒரு பிழைப்பா? பழைய வண்ணாரப்பேட்டைத் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த வாரம் பிளஸ் டூ படிக்கும் மகளுடன் என்னிடம் மேற்படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்தபோது தாங்கள் கேட்ட கேள்விக்கு, வெளியே பலர் காத்திருந்ததால், பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. "நான் மனுஷனுக்குத் துணி தைக்கிறேன், இவள் வீடியோ கேமில் வருகிற மந்திரவாதிக்குத் தைக்கப் போகிறேன் என்கிறாள். இதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்றீர்கள். இதே கவலை ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் உள்ள வேறு பெற்றோருக்கும் இருக்கும் என்பதால், தங்கள் அனுமதியுடன், பெயரைத் தவிர்த்து, மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

பிழைப்புதான். ஆனால் ஆடைக்கு என்றே தனிப் பதவி பெரும்பாலான கேம் நிறுவனங்களில் இல்லை. கதாபாத்திரத்தின் தோற்றத்தை வரைந்து முடிவு செய்பவர் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட். அதைக் கணினியில் முப்பரிமாணத்தில் உருவாக்குபவர் கேரக்டர் ஆர்ட்டிஸ்ட். தங்கள் மகள் விண்ணப்பிக்கப்போவது இவ்விரண்டில் ஒன்றுக்கே.

மந்திரவாதி ஏன் எப்போதும் அங்கியில் வருகிறார் என்று கேட்டீர்கள். 1974இல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் விதிப்படி மந்திரம் ஏவுபவர் கவசம் அணியக் கூடாது. அந்த வழக்கம் கணினி விளையாட்டுகளுக்கும் வந்து, 2004இல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டிலும் மந்திரவாதிக்குத் துணி ஆடைதான். 1987இல் தொடங்கிய ஃபைனல் ஃபேன்டஸி வரிசையின் கறுப்பு மந்திரவாதிக்குப் பெரிய கூம்புத் தொப்பி, இருளில் மறைந்த முகம், ஒளிரும் கண்கள், அவ்வளவே. விரல் நகம் அளவுப் படத்திலும் அவரை அடையாளம் கண்டுவிடலாம். சண்டைக் கூட்டத்தில் யார் மந்திரம் ஏவுகிறவர் என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பதால், பூவேலையும் சரிகையும் பிறகுதான். ஆடையின் வெளிக்கோடு முதலில் பேச வேண்டும். பல விளையாட்டுகளில் ஆடுபவர் தன் பாத்திரத்தைப் பின்னாலிருந்தே பார்க்கிறார் என்பதால், முன்பக்கத்தை விட முதுகுப்பக்கத்துக்கு அதிகம் உழைக்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் தங்கள் மகளின் நோட்டு என் கவனத்தை ஈர்த்தது. தங்கள் கடையின் பழைய அளவு நோட்டில், எழுதாமல் விட்ட பக்கங்களில் அவர் ஒரு சூனியக்காரியை வரைந்திருந்தார். கையை உயர்த்திய அந்த உருவத்தின் அக்குளுக்குப் பக்கத்தில், "தூக்கினா இழுக்கும், இங்க துண்டு வைக்கணும்" என்று பென்சிலில் ஒரு குறிப்பு. நன்றாகப் படம் வரையும் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு குறிப்பை எழுதியவர் எவரும் இல்லை. மந்திரம் ஏவுபவர் ஓயாமல் கையைத் தூக்குகிறவர். கணினி உருவங்களில் தோள்பட்டை அசையும்போது துணி கோணலாக மடிவதும், நடக்கும்போது கால் அங்கியைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரிவதும் இத்தொழிலில் தீராத தலைவலிகள். அங்கியின் முன்புறத்தைப் பிளந்து தனித்தனித் துண்டுகளாகத் தொங்கவிடுவது பார்வைக்கு அழகு என்பதால் மட்டுமன்று, கால் அசைய இடம் வேண்டும் என்பதாலும்தான்.

மார்வெலஸ் டிசைனர் என்ற கட்டண மென்பொருளில், துணித் துண்டுகளைத் தட்டையாக வெட்டி, எந்த ஓரத்தோடு எந்த ஓரம் சேர வேண்டும் என்று குறித்தால், அது உருவத்தின் மேல் தைத்துக் காட்டும். இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளிலும் இதற்கு ஓரளவு வழி உண்டு. கிராஸ் கட்டிங்கில், அதாவது இழைக்குக் கோணலாக வெட்டும்போது, துணி ஏன் குழைந்து விழுகிறது என்று தெரியாதவர் இம்மென்பொருள்களில் பல நாள் தடுமாறுவார். தங்கள் மகள் அதைக் கட்டிங் மேசைக்கு அருகில் நின்றே கற்றுக்கொண்டிருக்கிறார்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அவர் வரைந்த அத்தனை பேரும் கூம்புத் தொப்பிக்காரர்கள். அதே தொப்பியை உலகம் முழுவதும் வரைகிறார்கள். விடியுமுன் தெருவில் வரும் குடுகுடுப்பைக்காரரை வரையச் சொல்லுங்கள். தலைப்பாகை, வீடுகளில் கேட்டு வாங்கிய பழைய கோட்டு, அதன் மேல் சால்வை, கையில் உடுக்கை: வெளிக்கோடு தானாகவே அமைந்திருக்கிறது. எம்.சி. ரோட்டில் துண்டுத் துணி வாங்கி, ஒரு முழ உயரப் பொம்மைக்கு அந்த உடையைத் தைத்துப் படமெடுத்துச் சேர்த்தால், வெறும் ஓவியங்கள் நிறைந்த போர்ட்ஃபோலியோவை (விண்ணப்பத்தோடு காட்டும் படைப்புத் தொகுப்பை) விட அது தனித்து நிற்கும்.

படிப்பைப் பொறுத்தவரை, பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் 1850இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி தங்களுக்கு மிக அருகில் உள்ளது, கட்டணமும் தாங்கக்கூடியது. தரமணியில் உள்ள நிஃப்ட் எனும் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில் நான்காண்டு வடிவமைப்புப் பட்டத்துக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவரும் நுழைவுத்தேர்வு எழுதலாம். கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் போய்வரலாம். கேம் வடிவமைப்பையே படிக்க வேண்டுமெனில், பட்டத்துக்குப் பிறகு என்.ஐ.டி. எனும் தேசிய வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் முதுகலை உண்டு. லட்சக்கணக்கில் கேட்கும் ஓராண்டுப் பயிற்சிக்கு இப்போது அவசரப்பட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு மாணவனை அப்படிப்பட்ட ஓர் இடத்துக்கு அனுப்பினேன். ஆண்டு முடிவில் சான்றிதழ் இருந்தது, காட்டுவதற்கு உருப்படியான படைப்பு ஒன்றுகூட இல்லை. அது என் தவறு.

வேலைச் சந்தை சீராக இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். மைக்ரோசாஃப்ட் மட்டுமே 2024 ஜனவரியில் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. ஆகவே கேம் ஒன்றை மட்டுமே நம்பாமல், சினிமா, விளம்பரம், ஆடை நிறுவனங்களின் முப்பரிமாணப் பணிகள் ஆகியவற்றுக்கும் பயன்படும்படி துணி அறிவையே அவர் முதலாகக் கொள்ளட்டும்.

பொதுத்தேர்வு முடியும் வரை நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். விடுமுறையில் அவரைக் கட்டிங் மேசையில் உட்கார வைத்து, ஒரு முழுநீள அங்கியைத் தாள் பேட்டர்னிலிருந்து கடைசித் தையல் வரை அவரே முடிக்கும்படி செய்யுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த அளவு நோட்டையும் எடுத்து வரவும். கடைக் கணக்கு இருக்கிறதே என்று அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட வேண்டாம்.