பழைய லொறிக்குப் புது லைனர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடைய எல்ஃப் லொறி 25 வருடத்துக்கு மேல் பழசு. நெல்லும் சீமெந்தும் ஏற்றுகிறேன். பின் சில்லின் பிறேக் லைனர் தேய்ந்துவிட்டது. கடையில் ஒரே லைனரை மூன்று விலையில் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?
– மல்லாவி வாசகர்

பதில்: கடைக்குப் போகுமுன் சில்லோடு சுற்றுகிற பிறேக் ட்றம்மைக் கழற்றிப் பழைய லைனரைப் பாருங்கள். அது ஏன் தேய்ந்தது என்று தெரியாமல் புதிது போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தால் வயதுதான் காரணம். ஒரு ஓரம் மட்டும் மெலிந்திருந்தால் ட்றம் வாய் அகன்றிருக்கும், அல்லது லைனரைத் தாங்குகிற ஷூ வளைந்திருக்கும். ஆழமான கோடுகள் விழுந்திருந்தால் உள்ளே மணல் போகிறது. கண்ணாடி போல மினுங்கினால் சூடேறிக் கருகியிருக்கிறது. ஈரமாக இருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள்: தண்ணீர் போல ஓடினால் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரில் கசிவு, தடிப்பாக, கறுப்பாக இருந்தால் அச்சு எண்ணெயைத் தடுக்கிற ஹப் சீல் போய்விட்டது. எண்ணெய் குடித்த லைனரைப் பெற்றோலில் கழுவி, நெருப்பில் வாட்டித் திரும்பப் பூட்டுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் உண்டு. பலன் இல்லை. சூடேறியதும் உள்ளே இருக்கிற எண்ணெய் மறுபடி மேலே வரும்.

வாங்கப் போகும்போது சேஸி இலக்கத்தை எழுதிக்கொண்டு, பழைய ஷூ ஒன்றையும் கையோடு கொண்டு போங்கள். ஒரே பெயருள்ள லொறியிலேயே வருடத்துக்கு வருடம் லைனர் அகலம் மாறும். அகலம், தடிப்பு, ரிவெற் துளைகளின் எண்ணிக்கை, அவை இருக்கும் இடம் எல்லாம் பொருந்த வேண்டும். துளை சரிவராவிட்டால் புதிதாகத் துளைத்துத் தருகிறோம் என்று கடைக்காரர் சொன்னால் அந்த லைனர் உங்களுக்கு வேண்டாம்.

நல்ல லைனரின் ஓரத்திலோ முதுகிலோ தயாரிப்பாளர் குறி, பாக இலக்கம், தொகுதி இலக்கம், அதோடு இரண்டு ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கும். அந்த எழுத்துகளில் முதலாவது சாதாரண சூட்டில் பிடிக்கும் அளவு, இரண்டாவது கொதிசூட்டில் பிடிக்கும் அளவு. 'ஈ' என்றால் உராய்வெண் 0.25 – 0.35, 'எஃப்' என்றால் 0.35 – 0.45, 'ஜி' என்றால் 0.45 – 0.55. 'எஃப்ஈ' என்று இருந்தால் சூடேறும்போது பிடி குறையும். 'எஃப்எஃப்' என்றால் அதே பிடி நிற்கும். பாரம் ஏற்றுகிற லொறிக்கு இரண்டாவது எழுத்துத்தான் முக்கியம். ஆனால் எழுத்து தேய்மானத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. பெட்டியில் மட்டும் பெயர் பளபளத்து லைனரில் ஒரு குறியும் இல்லாவிட்டால் ஒறிஜினல் விலை கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: வன்னி சமதரை. மட்டமான லைனரும் இங்கே நன்றாகப் பிடிப்பது போலத்தான் தெரியும். அதே லொறி ஏ9 வழியே மாத்தளை தாண்டிப் பாரத்தோடு கண்டிப் பக்க இறக்கங்களில் இறங்கும்போதுதான் சூடேறிப் பிடி விடும். மலைப்பக்கம் ஓடுகிறவர் மலிந்த லைனரைத் தொடவே கூடாது.

ரிவெற் அடிக்கும்போது நடுவில் தொடங்கி ஓரங்களுக்குப் போக வேண்டும். அடித்து முடிந்ததும் லைனருக்கும் ஷூவுக்கும் இடையில் ஒரு கடதாசித் துண்டைச் செருகிப் பாருங்கள். எந்த இடத்திலாவது உள்ளே போனால் கழற்றித் திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். லைனர் எப்போதும் ஒரு அச்சின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். இழுவைச் சுருளையும் கூடவே வாங்குங்கள். சூட்டில் தளர்ந்த சுருள் ஷூவை முழுதாகப் பின்னால் இழுக்காது. புது லைனர் ட்றம்மில் உரசிக்கொண்டே ஓடும்.

கேள்வி: ட்றம்மை லேத்தில் கடைவதா, கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த ட்றம் எடுப்பதா?
– வவுனியா வாசகர்

பதில்: உங்கள் ட்றம்மின் ஓரத்திலேயே உச்ச விட்டம் வார்த்திருக்கும். துருவைக் கம்பிப் பிறஷ்ஷால் தேய்த்தால் தெரியும். புதிதில் 320 மி.மீ., எல்லை 322 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கோடு போகக் கடைந்த பிறகு 321.5 வருமென்றால் மிச்சம் அரை மி.மீ.தான். அதற்குக் கூலி கொடுப்பது வீண். கடைவதானால் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும். அகன்ற ட்றம்முக்குள் சாதாரணத் தடிப்பு லைனர் நடுவில் மட்டும்தான் தொடும். ஆகவே தடிப்புக் கூடிய லைனர் வாங்கி, ட்றம்மின் வளைவுக்குச் சாணை பிடித்துப் பொருத்துங்கள்.

பாவித்த ட்றம் எடுப்பதில் தவறில்லை, ஆனால் விட்டம் அளக்கிற வேர்ணியர் இல்லாமல் போக வேண்டாம். ஓரத்தில் மேடு கட்டியிருந்தால் அது எவ்வளவு தேய்ந்ததென்று அதுவே சொல்லும். உள்முகத்தில் நீலத் திட்டோ நகம் சிக்குகிற வெடிப்போ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல ட்றம் மணி போல ஒலிக்கும், வெடித்தது 'டொக்' என்று அடங்கிவிடும். வீல் சிலிண்டர், ஹோஸ், றப்பர்க் கப் மூன்றையும் மட்டும் பாவித்ததாக எடுக்கவே கூடாது.

கேள்வி: முன் பக்கம் லைனர் மாற்றிய பிறகு பிறேக் பிடித்தால் லொறி இடப்பக்கம் இழுக்கிறது. லைனர் கூடாதா?
– ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: இடப்பக்கம் அதிகமாகப் பிடிக்கிறது, அல்லது வலப்பக்கம் பிடிக்கவில்லை. பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து முன் அச்சை ஜக்கில் தூக்குங்கள், ஸ்ராண்ட் போடாமல் கீழே போகாதீர்கள். ஒருவர் பெடலை மிதித்து விட, மற்றவர் ஒவ்வொரு சில்லாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். மிதி விட்ட பிறகும் ஒரு சில்லு இறுகி நின்றால் அந்தப் பக்கச் சிலிண்டரில் காற்று வெளியேற்றுகிற நிப்பிளைத் திறவுங்கள். உடனே சில்லு விடுபட்டால் ஹோஸின் உட்சுவர் வீங்கியிருக்கிறது: அழுத்தம் உள்ளே போகிறது, திரும்பி வரவில்லை. வெளியில் புதிது போலத் தெரிந்தாலும் மாற்றுங்கள். நிப்பிள் திறந்தும் விடாவிட்டால் சிலிண்டர் பிஸ்ரன் துருவேறி இறுகியிருக்கும், அல்லது ஷூவை ட்றம்முக்குக் கிட்டக் கொண்டுவருகிற அட்ஜஸ்ரர் அளவுக்கு மீறித் திருகப்பட்டிருக்கும். சிலிண்டரின் உள்ளே குழி விழுந்திருந்தால் கப் மட்டும் மாற்றிப் பயனில்லை, முழுச் சிலிண்டரே வேண்டும். மிதிக்கும்போதே ஒரு பக்கம் பிடிக்காவிட்டால் லைனரில் கிறீஸ் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லைனரைக் கடைசியில் சந்தேகப்படலாம்.

கேள்வி: முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றுகிற லொறி. பிறேக் பைப் எல்லாம் துரு. செப்புப் பைப் போடலாமா? ஒயில் எது?
– முள்ளியவளை வாசகர்

பதில்: வெறும் செப்பு வேண்டாம். அதிர்வில் இறுகி, வளைவில் வெடிக்கும். பூச்சுள்ள உருக்குப் பைப்போ, செப்பும் நிக்கலும் கலந்த பைப்போ எடுங்கள். உப்புத் தண்ணீர் வடிகிற வண்டிக்கு இரண்டாவது நல்லது. வாய் இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும். மடிப்பின் வடிவம் இரண்டு வகை. பழைய பைப்பின் வாயைக் காட்டி அதையே போடச் சொல்லுங்கள். மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

எந்த பிறேக் ஒயில் என்று ஒயில் தொட்டியின் மூடியில் எழுதியிருக்கும், டொட் 3 அல்லது டொட் 4. புதிதில் இவை குறைந்தது 205, 230 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 140, 155க்கு இறங்கிவிடும். அதனால் திறந்து பல மாதம் கிடந்த போத்தலை ஊற்ற வேண்டாம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஒயில் ஊற்றியிருந்தால் பெடல் தள்ளுகிற மாஸ்ரர் சிலிண்டர் முதல் கடைசி ஹோஸ் வரை எல்லா றப்பரும் வீங்கிவிடும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பைப்பில் சிக்கிய எயாரை (காற்றை) எடுக்கும்போது மாஸ்ரர் சிலிண்டருக்குத் தூரமான சில்லில் தொடங்குங்கள். வலப்பக்க ஸ்ரியறிங் என்பதால் வழமையில் அது இடப்பக்கப் பின் சில்லு.

கேள்வி: குளம் வான் பாய்கிற இடத்தைக் கடந்த பிறகு பிறேக் பிடிப்பதில்லை. கிரவல் ஏற்றினால் லைனரும் கெதியாய்த் தேய்கிறது.
– துணுக்காய் வாசகர்

பதில்: நனைந்த ட்றம் அப்படித்தான். மெதுவாக ஓட்டிக்கொண்டே பெடலை இலேசாகச் சில தடவை மிதித்தால் சூட்டில் காய்ந்துவிடும். தேய்மானத்துக்கு, ட்றம்மின் உள்பக்கத்தை மூடுகிற பின்தட்டைப் பாருங்கள். அட்ஜஸ்ரர் துளையை மூடுகிற சின்ன றப்பர் மூடி பெரும்பாலான பழைய லொறிகளில் காணாமல் போயிருக்கும். மணலும் தண்ணீரும் அதற்குள்ளால்தான் போகின்றன. மூடி இல்லாவிட்டால் அளவுக்கு வெட்டிய றப்பரையாவது இறுக்கிச் செருகுங்கள். ட்றம்முக்குள் கிடக்கிற தூசைக் கொம்பிரசரால் ஊத வேண்டாம். பழைய லைனரில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.