அதிக நாமினேஷன் வாங்கிய படம்தான் ஜெயிக்குமா?

ஆபீஸில் நடக்கும் ஆஸ்கர் கணிப்புப் போட்டியில் ஒவ்வொரு வருஷமும் அதிக நாமினேஷன் வாங்கிய படத்தையே சிறந்த படமாக எழுதித் தோற்கிறேன் என்கிறீர்கள். கோளாறு அந்தக் கணக்கில்தான், நண்பரே. ஒளிப்பதிவுக்கு ஒளிப்பதிவாளர்கள், எடிட்டிங்குக்கு எடிட்டர்கள் என்று அந்தந்தத் துறைக்காரர்கள்தான் நாமினேட் செய்கிறார்கள். பிரம்மாண்டமான படத்துக்கு எண்ணிக்கை தானாக ஏறிவிடும்.

சிறந்த படத்துக்கு மட்டும் இறுதி வாக்குமுறை வேறு. ஆஸ்கர் தரும் அகாடமியின் உறுப்பினர்கள் படங்களை விருப்பப்படி வரிசைப்படுத்த வேண்டும். எந்தப் படத்துக்கும் பாதிக்கு மேல் முதலிடம் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்கும் படத்தை நீக்கிவிட்டு, அதற்கு விழுந்த வாக்குச் சீட்டுகளை அவற்றின் அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். ஆகவே சிலர் கொண்டாடி மற்றவர்கள் முகம் சுளிக்கும் படத்தைவிட, பலரும் இரண்டாவது, மூன்றாவதாக எழுதும் படத்துக்கே வாய்ப்பு அதிகம்.

2022-ஐப் பாருங்கள். 'தி பவர் ஆஃப் தி டாக்' 12 நாமினேஷன் வாங்கியது. கிடைத்தது இயக்குநர் விருதோடு சரி. 'கோடா'வுக்கு மூன்றே மூன்றுதான். சிறந்த படம் உட்பட மூன்றையும் அள்ளியது! அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்க விருதும், அங்குள்ள நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருதும் முன்பே அதற்குப் போயிருந்தன. தயாரிப்பாளர் சங்கத்திலும் இதே வரிசை முறைதான். அகாடமியிலோ நடிகர்கள்தான் பெரிய பிரிவு, அதனால் நடிகர் சங்க விருதும் கவனிக்க வேண்டியதே.

அதற்காக இந்தச் சங்க விருதுகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். 2020-இல் தயாரிப்பாளர் சங்கம் '1917'-க்குக் கொடுத்தது, நடிகர் சங்கம் 'பாரசைட்'டுக்கு. ஆஸ்கர் வாங்கியது 'பாரசைட்'. கோல்டன் குளோப் விருதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை, அங்கே வாக்களிப்பவர்கள் பத்திரிகையாளர்கள்.

அப்புறம், இயக்குநர் பிரிவுக்கு இயக்குநர் சங்க விருதைப் பார்த்து எழுதிவிடுங்கள், அது தவறுவது அபூர்வம்.