பொங்கலுக்குக் கூந்தன்குளம்: எத்தனை மணிக்குப் போவது, எங்கே நின்று பார்ப்பது?

கேள்வி: பொங்கல் லீவுக்கு நாங்குநேரியில் மாமியார் வீட்டுக்குப் போகிறோம். அப்படியே கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தை 9, 12 வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று நினைக்கிறோம். போன வருடம் வேறொரு ஏரிக்குப் போய், மத்தியான வெயிலில் வெள்ளைப் புள்ளிகளைத்தான் பார்த்தோம். பைனாகுலர் வாங்கியே ஆக வேண்டுமா? எந்த நேரம் நல்லது? – வாசகி, மதுரை

பதில்: முதலில் அந்த மத்தியானத்தை விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் தண்ணீருக்கு மேல் கானல் ஆடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பைனாகுலரிலும் தூரத்துப் பறவை கலங்கலாகத்தான் தெரியும். காலை ஆறரைக்கெல்லாம் குளத்தங்கரையில் இருங்கள். முடியாவிட்டால் மாலை நாலு மணிக்கு மேல் போகலாம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி இடம் பிடியுங்கள்: காலையில் குளத்துக்குக் கிழக்கே, மாலையில் மேற்கே. எதிர்வெயிலில் பார்த்தால் நாரையும் கறுப்பு, நீர்க்காகமும் கறுப்பு.

கரை உச்சியில் வரிசையாக நிற்க வேண்டாம். பின்னால் வெறும் வானம் இருப்பதால் உங்களைத்தான் பறவைகள் முதலில் பார்க்கும். சற்று இறங்கி, ஒரு மரத்தை ஒட்டி உட்கார்ந்துவிட்டால் கால் மணி நேரத்தில் அவை உங்களை மறந்துவிடும். குளத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பைனாகுலர் விஷயம். முடிந்தால் வாங்குங்கள், குடும்பத்துக்கு ஒன்று போதும். 8x42 என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்பதால் விடிகாலை மங்கலிலும் வெளிச்சம் போதும். கடைக்காரர் 20 மடங்கு, 30 மடங்கு என்று ஆசை காட்டுவார். கை நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்கும் என்பதைச் சொல்ல மாட்டார். வாங்கியதும் ஒரு வேலை இருக்கிறது. வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் பார்த்தபடி நடுச் சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்கக் குழலில் உள்ள வளையத்தைத் திருகி அதே பொருளைத் தெளிவாக்குங்கள். ஒருமுறை செய்தால் போதும், அதன்பின் நடுச் சக்கரம் மட்டும்தான். பெரும்பாலோர் இதைச் செய்யாமலே "தலை வலிக்கிறது" என்று ஓரமாக வைத்துவிடுகிறார்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்பக்க ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு வழி: பறவை மேலிருந்து பார்வையை எடுக்காமலே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துவிடும். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.

பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். இரை தேடும் விதத்தைக் கவனிக்கச் சொன்னால் பெயர் தானே ஒட்டிக்கொள்ளும். கரண்டிவாயன் அலகைத் தண்ணீரில் விட்டு இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்துக்கொண்டு, காலால் சேற்றைக் கலக்கும். மிரண்ட மீன் அலகில் பட்டதும் டக்கென்று மூடும். கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேல் பாம்புபோல் நீண்டால் அது பாம்புத்தாரா. மூடிய அலகின் நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தைக்குத்தி நாரை.

ஜனவரியில் தேட வேண்டிய விருந்தாளி வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். மங்கோலியா, திபெத் போன்ற மத்திய ஆசியப் பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயத்தைத் தாண்டிக் குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. வயல்களில் மேய்ந்துவிட்டுப் பகலில் கூட்டமாக நீரில் ஓய்வெடுக்கும். கூடு நிறையக் குஞ்சுகளைப் பார்க்க ஆசையென்றால் மார்ச் வாக்கில் இன்னொரு முறை வர வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை: இது பாசனக் குளம். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றி, மணிமுத்தாறு தண்ணீரும் வராத வருடத்தில் பறவைகளும் வராது. கிளம்புமுன் ஊரில் யாரையாவது விசாரித்துக்கொள்ளுங்கள். மாமியார் வீடு பக்கத்திலேயே இருப்பது உங்கள் வசதி.

நாரைகள் ஊருக்குள்ளும் வீட்டு மரங்களில் கூடு கட்டும். இந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று 2022-ல் கிடைத்த ராம்சர் அங்கீகாரத்துக்கு வெகு முன்பிருந்தே அவர்கள் காவல் இருக்கிறார்கள். ஆகவே கூட்டுக்குக் கீழே நின்று கை தட்டுவது, ட்ரோன் விடுவது இரண்டும் வேண்டாம். தாய் எழுந்து பறந்தால் முட்டையைக் காக்கை கொண்டுபோய்விடும். கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் தூக்கிக் கொஞ்சாமல் வனத்துறை ஊழியரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் போகிற நாட்களிலேயே பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கும். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இபேர்ட் செயலியில் பதிந்தால் போதும். எண்ணும் வேலையைப் பெரியவனிடமும் எழுதும் வேலையைச் சின்னவனிடமும் கொடுத்துப் பாருங்கள்; பெண் பிள்ளைகள் என்றாலும் அதே ஏற்பாடுதான். பைனாகுலருக்கு வரும் சண்டையாவது குறையும்.